வெந்நீர் அண்டாவில் படிந்த உப்பு

நாங்கள் குத்தகைக்கு எடுத்த லாட்ஜின் நீச்சல் குளம் பல வருஷமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. செஞ்சியின் போர்வெல் தண்ணீர் ஓடுகளின் மேல் உப்பை அப்பி வைத்திருந்தது. உள்ளே இறங்கி ஆசிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்து, உப்பு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. சட்டென்று எங்கள் வீட்டு வெந்நீர் அண்டா ஞாபகம் வந்தது.

கரி பிடித்த செம்பு அண்டா அது. உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் உப்பு படிந்திருக்கும். ஒரு அமாவாசைக்கு அம்மா மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தபோது, அவளை அசத்த நினைத்த நைனா புளியைக் கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய் தேயென்று தேய்த்தார். வீடெல்லாம் புளி வாசம். அண்டா புதுசு மாதிரி மின்னியது.

காலையில் திரும்பி வந்த அம்மா அதில் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினாள். சொய்யென்று அடுப்பு அணைந்தது.

"உப்பச் சொரண்டிட்டீங்களா? அதுதான ஓட்டைய அடைச்சிக்கினு இருந்துது!"

"ஓட்ட இருக்குதுன்னு நீ சொல்லவே இல்லியே?" என்றார் நைனா.

"நீங்க என்னிக்கு வெந்நீர் போட்டீங்க, நான் சொல்றதுக்கு?"

கேட்டுவிட்டு அம்மாவே சிரித்துவிட்டாள். நைனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று எல்லோரும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தோம்.

குளத்தின் ஒரு மூலையில் மட்டும் உப்பு தடிமனாக இருந்தது. உளியை வைத்தவன் நிறுத்திவிட்டு, மேலே பெட்ஷீட் உலர்த்திக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டேன்.

"இந்த மூலையச் சொரண்டட்டுமா?"

"என்ன ஏன் கேக்குறீங்க? கொளத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியலன்னாலும் பரவால்ல. ஒரு வார்த்த சொல்லிடு."