சந்தனத்துக்கு அடியில் எரிந்த விளக்கு

"நீ படிச்ச கரண்டு சுவத்துக்குள்ள ஓடுற கரண்டு ஆத்தா. வண்டிக் கரண்டு வேற. அதுக்கெல்லாம் புத்தகம் கெடையாது."

காரின் பானட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டே அப்பா இதைச் சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்காவைக்கூட அனுப்பவில்லை. அப்போது மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம், இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. உசிலம்பட்டியில் வாடகைக்கு ஓட்டினார். ஐப்பசி பிறந்ததிலிருந்து அது சரியில்லை. ஹாரன் தொண்டை கட்டியதுபோல் கம்மியது. மழையில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா பேட்டரியைக் கழற்றிப்போய்ச் சார்ஜ் போட்டு வருவார். இரண்டு நாள் ஓடும். மறுபடியும் தள்ளு.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, சீக்கிரம் எழும்பவில்லை. பிரஷர் ஏறியிருக்கிறது, எந்த நேரமும் மதுரைக்குக் கொண்டுபோக வண்டி தயாராக இருக்கட்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். தயாராக இருந்த வண்டி இதுதான்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு வோல்ட்மீட்டர் வாங்கி வந்திருந்தேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி இறுக்கினேன். எஞ்சின் ஓடாதபோது மீட்டர் முள் பன்னிரண்டு வோல்ட்டைத் தொட்டது. பேட்டரி அவ்வளவு மோசமில்லை. அப்பாவை வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். முள் பதினான்குக்கு ஏற வேண்டும். ஏறவில்லை. விளக்கைப் போட்டதும் பதினொன்றரைக்கு இறங்கியது. இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.

"பேட்டரிக்கு உள்ள போற கரண்டே இல்லப்பா. இருக்கிறது கரையுது."

"அப்படின்னா சிவப்பு லைட்டு எரியணுமே. எரியலையே."

ஓடும்போது சார்ஜ் ஏறாவிட்டால் எரிவதற்கென்றே டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. குனிந்து பார்த்தேன். ஆயுத பூசைக்கு அப்பா ஸ்டியரிங், மீட்டர் என்று எதையும் விடாமல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார். அடுத்த பூசை வரை அதைத் துடைக்க விடமாட்டார். அந்த விளக்கு இருந்த இடத்திலும் ஒரு கனத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

"சாமிக்கு வச்சதப் போயி சொரண்டுறியே, கிறுக்கி!"

பொட்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளே விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிந்ததோ. அப்பா அதையே பார்த்தார். மிதித்த காலை எடுக்க மறந்துவிட்டார்; எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது.

பேட்டரிக்குக் கரண்டு தரும் டைனமோவைச் சுற்றுகிற பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினேன். தொய்வில்லை. டைனமோவிலிருந்து இரண்டு ஒயரையும் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக ஓட விடச் சொன்னேன். நல்ல டைனமோ என்றால் முள் துள்ளும். இது அசையவே இல்லை.

"டைனமோ செத்துப்போச்சுப்பா."

அப்பா இறங்கி வந்து டைனமோவைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு டவுனுக்கு எடுத்துட்டுப் போவோம். இன்னைக்கு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஒயரை மாட்டி, பானட்டை மூடினார். மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது.

மறுநாள் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏண்டி, இன்னும் விடியலையா? ஒண்ணும் தெளிவாத் தெரியல. தலையப் பெளக்குது."

அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. அப்பா தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டு, "தள்ளுங்கப்பா, தள்ளுங்க" என்று வண்டியில் ஏறினார். ஒருவர், "என்ன மாப்ள, தெனமும் எங்களுக்கு உடற்பயிற்சியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"அப்பா, வேணாம். இந்த மழைல வைப்பர் போடணும், லைட்டு போடணும். செக்கானூரணி தாண்டுறதுக்குள்ள நின்னுரும். பொட்டக்காட்டுல யாரு தள்ளுவா? பஸ்ஸுல போயிருவோம்."

"கார் வச்சிருக்கவன் மக புள்ள பெக்க பஸ்ஸுல போனான்னு ஊரு பேசவா? ஒரு ட்ரிப் தாங்கும், நாஞ் சொல்றேன்ல."

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா வெற்றியோடு என்னைப் பார்த்தார். அவருக்கு முன்னால் அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்தது. முந்தின நாள் இறங்கிக்கொண்டே போன முள்தான் என் கண்ணில் நின்றது. அவர் வண்டியைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவருவதற்குள், நான் அக்காவின் தோளை அணைத்து, தலையில் சாக்கைப் போட்டு, ரோட்டுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டேன். அம்மா துணிப்பையோடு பின்னால் ஓடி வந்தாள்.

மதுரை பஸ் வந்தபோது ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்தேன். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். பின்னால் அப்பாவின் ஹாரன் கம்மலாகக் கூப்பிட்டது. நான் திரும்பவில்லை. அக்காவை ஏற்றி உட்காரவைத்தாகிவிட்டது.

"அண்ணே, பிரசவம். பிரஷர் கூடியிருக்கு, கண்ணு மங்குது. எங்கேயும் நிறுத்தாம நேரா பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். டிக்கெட் கேட்கவில்லை. இரண்டு விசில் கொடுத்தார்.