டைம் கீப்பர் ஜீனும் ஒரு கிலோ அல்வாவும்

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் ஊருக்கெல்லாம் அல்வா நீட்டிக்கொண்டு நின்றால் என்ன நினைப்பீர்கள்? பேரன் பேத்தி பிறந்திருக்கிறது என்றுதானே? போன வாரம் அப்படி நின்ற ஆள் நான். யாரும் பிறக்கவில்லை.

என் பேத்தி அனுவுக்கு நான்கு வயது. இன்னும் தனியாக நடக்கவில்லை. பேச்சு என்றால் ‘ம்மா’ ஒன்றுதான். தலை வயதுக்குக் கொஞ்சம் பெரிது. உடம்பு துவண்டு துவண்டு விழும். என் மகள் பிரேமா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்கேன், பிசியோதெரபி என்று அலைகிறாள்.

பிரேமாவின் கணவன் அருள் வேறு யாருமில்லை, என் சொந்த அக்கா மகன். “சொந்தத்துல வேணாம்ப்பா” என்று பிரேமா அப்போதே சொன்னாள். பயாலஜி படித்தவள். நான் கேட்டேனா? நெருங்கிய சொந்தம் என்றால் எங்கள் சர்ச்சில் லேசில் திருமணம் செய்துவைக்க மாட்டார்கள். ஆயரிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் நடையாய் நடந்து, வாங்கி வந்து, தாலி கட்ட வைத்தேன்.

அனு இப்படி என்று தெரிந்த பிறகு, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் கேட்பார்... “சொந்தத்துல குடுத்தீகளோ?” அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கேள்விக்குப் பயந்தே சர்ச் வாசலில் அனுவை நான் தூக்குவதில்லை; அப்புறம் வீட்டிலும் தூக்காமலே பழகிவிட்டது. பிரேமா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அருளுக்கு லீவு கிடைக்கவில்லை. பிரேமாவோடு நான் போனேன். டாக்டர் ஒரு பெண். ஜீன் பெயரைச் சொன்னார். பி.பி.பி.2.ஆர்.5.டி. எனக்கு வண்டி நம்பர் மாதிரிதான் கேட்டது.

“நம்ம செல்லுக்குள்ள புரோட்டீன் மேல பாஸ்பேட்னு ஒண்ணு ஒட்டும் சார். சுவிட்ச் போடுற மாதிரி. அதைக் கழட்டி எடுக்க ஒரு என்சைம் இருக்கு. அதை பஸ் டிரைவர்னு வச்சுக்கங்க. எந்த வண்டி எப்ப, எங்க போகணும்னு சொல்ல பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் இருப்பாருல்ல? அந்த டைம் கீப்பரை உண்டாக்குற ஜீன் இது. பாப்பாவுக்கு அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. மூளை வளர்ற நேரத்துல வண்டிக சரியாக் கெளம்பல.”

எனக்கு டைம் கீப்பரும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும்.

“டாக்டர்... சொந்தத்துல கட்டுனதாலயா?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். அம்மா, அப்பா ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணியாச்சு. அவங்ககிட்ட இந்த மாற்றம் இல்ல. பாப்பாகிட்ட புதுசா வந்தது. யார் யாரைக் கட்டியிருந்தாலும் வரலாம்.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வராந்தாவுக்கு வந்து அக்காவுக்கு போன் போட்டேன்.

“அக்கா! நம்ம மேல ஒண்ணுமில்லக்கா! நம்ம ரத்தத்துல கோளாறு இல்லையாம்!”

“மாதாவே!” என்று அந்தப் பக்கம் அக்கா ஓவென்று அழுதாள். இந்தப் பக்கம் நான் சிரித்தேன். சர்ச் வாசலில் கேள்வி கேட்டவர்களில் நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். அப்புறம் எதிர்த்த கடையில் ஒரு கிலோ அல்வா. எங்கள் வீட்டில் நல்ல சேதி என்றால் கை தன்னால் ஸ்வீட் கடைக்குப் போய்விடும். பரீட்சையில் பாஸா, புது வண்டியா... உடனே அல்வா. அதே பழக்கம்! நர்ஸுக்கு, வாட்ச்மேனுக்கு, டோக்கனோடு காத்திருந்தவர்களுக்கு என்று நீட்டிக்கொண்டே போனேன்.

பிரேமா வெளியே வந்தாள். இடுப்பில் அனு. பிரேமாவின் கண் சிவந்திருந்தது.

“என்னப்பா இது?”

“நம்ம மேல தப்பு இல்லைன்னுட்டாங்கள்லம்மா... எடுத்துக்க.”

அவள் டப்பாவைப் பார்த்தாள்.

“இவ நடந்துருவான்னு சொல்லிட்டாங்களாப்பா?”

நீட்டிய டப்பாவை இழுத்துக்கொண்டேன். அவளே சொன்னாள்.

“நீங்க எந்திரிச்சுப் போனப்பறம்தான் அதைக் கேட்டேன். இப்போதைக்கு மருந்து இல்லையாம். பயிற்சி குடுத்துக்கிட்டே இருக்கணுமாம். நடக்கலாமாம், பேசலாமாம்... எம்புட்டுன்னு இப்பச் சொல்ல முடியாதாம்.”

டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒருவர், வாயில் போட்ட அல்வாவை மெல்லாமல் என்னைப் பார்த்தார். கூசிப்போனேன். இத்தனை நாள் மெழுகுவர்த்தி ஏற்றி என்ன வேண்டினேன்? அனு நடக்கட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ‘என்னால் என்று ஆகிவிடக் கூடாது’ என்றுதான் வேண்டியிருக்கிறேன். அது பலித்ததும் எழுந்து வந்துவிட்டேன். பேத்தியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை அறைக்குள் மகள் தனியாகக் கேட்டிருக்கிறாள். அசிங்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அனு எட்டி டப்பாவுக்குள் கையை விட்டாள். நெய்க் கையை என் சட்டையில் துடைத்துச் சிரித்தாள்.

பிரேமா பெருமூச்சு விட்டாள். “அதைக் கீழ வச்சுட்டு இவளைக் கொஞ்சம் பிடிங்கப்பா. இடுப்பு விட்டுப்போச்சு.”

டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு அனுவை வாங்கினேன். இம்புட்டு கனம் இருப்பாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.