சிங்கப்பூர் டிவிடி

அம்மா ஒரு சினிமாவில் வருகிறாள் என்பதை எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, காவாந்தண்டலத்தில் அவள் பிறந்த வீட்டுப் பக்கம் ஒரு படப்பிடிப்பு நடந்தது. நாயகனும் நாயகியும் வரப்பில் பாடிக்கொண்டு போக, பின்னால் நாற்று நடுவதற்கு ஆள் கேட்டார்கள். அம்மா முகத்துக்குப் பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாளாம்.

படம் உத்திரமேரூர் கொட்டகைக்கு வந்ததும் எதிர்வீட்டு அத்தையை இழுத்துக்கொண்டு போனாள். பாட்டைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். நடவும் இல்லை, அம்மாவும் இல்லை. அத்தை நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது. அன்றிலிருந்து களை பறிக்கப் போகும்போதெல்லாம், "இன்னா நடிகையம்மா, இன்னிக்கு ஷூட்டிங் இல்லியா?" என்பாள். தெருவே சிரிக்கும். அம்மாவும் கூடச் சிரிப்பாள். ஒருநாள் என்னிடம் மட்டும், "நான் பொய் சொல்றவன்னு ஆயிப்போச்சிடி" என்றாள். எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் படித்து, உத்திரமேரூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்தேன். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்த மாமா அந்தப் படத்தின் டிவிடியை அங்கே ஒரு கடையில் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். வெட்டாத முழுப்படம் என்று உறையிலேயே போட்டிருந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தையை அழைத்து உட்காரவைத்தோம். டிவிடியைப் போட்டால், இது வேறு நாட்டுக்கானது, டிவிடி ஓட்டுகிற டிரைவை அந்த நாட்டுக்கு மாற்று என்றது திரை. திருட்டு நகலைத் தடுக்கிற ஏற்பாடுகளோடு இப்படி ஒரு பூட்டும் உண்டு. யாரோ உலகத்தைப் பாத்தி கட்டி, இந்தப் பாத்தித் தண்ணீர் அந்தப் பாத்திக்குப் பாயக்கூடாது என்று மடை அடைத்துவிட்டான். மடையை நாமே மாற்றிவிடலாம், ஆனால் சில முறைதான். அப்புறம் கடைசியாக வைத்த நாடே நிலைத்துவிடும்.

சிங்கப்பூருக்கு மாற்றினேன். படம் ஓடியது. பாட்டு தொடங்கி, நாயகி வரப்பில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டது. பூட்டு சரியாகத் திறக்கவில்லை என்று நினைத்தேன். டிரைவ்தான் கெட்டுவிட்டதோ என்று பார்க்க, நம் ஊர் டிவிடி ஒன்றைப் போட்டு, இந்தியாவுக்குத் திருப்பினேன். அது ஜம்மென்று ஓடியது. மறுபடி சிங்கப்பூர், மறுபடி அதே இடத்தில் நின்றது. மறுபடி இந்தியா. இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி என்றது திரை.

"அது இன்னாடி பண்ணும், பாவம்? ஒங்கம்மா அதுல இருந்தாதான வருவா" என்றாள் அத்தை.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிச்சலில் டிவிடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பளபளக்கிற பக்கத்தில், நடு ஓட்டைக்கும் விளிம்புக்கும் மத்தியில், சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

"அம்மா! இது யார் வேலை?"

"புதுப் பொருள் வூட்டுக்கு வந்தா பொட்டு வெக்க மாட்டாங்களா? அந்தப் பக்கம் ஈரோ மொகம் கீது, அது மேல எப்டி வெக்கறது? அதான் பின்னாடி வெச்சேன்."

சைக்கிளுக்கும் கிரைண்டருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் வைத்தவள், இதற்கு மட்டும் வைக்காமல் விடுவாளா? கோபப்படப் போய்ச் சிரித்துவிட்டேன். அப்பாவின் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பொட்டைத் துடைத்தேன். ஆனால் கடைசி முறையும் மாற்றிவிட்டால், இனி நம் ஊர் டிவிடிகள் எதுவும் இதில் ஓடாது. பாடம் எடுக்கப் போகுமுன் வீட்டில் போட்டுப் படிக்க வாங்கிய பாட டிவிடிகளும்தான். யோசித்தேன். அம்மாவைப் பார்த்தேன். மாற்றினேன்.

நாயகி வரப்பில் கால் வைத்தாள். நடந்தாள். பின்னால் வயல் வந்தது. குனிந்து நடுகிற பெண்களின் முதுகு வரிசையாகத் தெரிந்தது. ஒருத்தியாவது திரும்புவாளா என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்காகவா இருந்த ஒரு முறையையும் தொலைத்தேன்?

"திருப்பிப் போடு" என்றாள் அத்தை.

போட்டேன். அவள் எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். "நிறுத்து. இங்க பாரு, வரிசையில கடைசி."

கடைசி முதுகு இடது கையால் நட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். பக்கத்தில் நடுகிறவள் கையோடு கை இடிக்கும் என்று எந்த வயலிலும் அவளை ஓரத்தில்தான் விடுவார்கள். அத்தை இத்தனை வருஷமும் அவளுக்குப் பக்கத்தில் நின்று நட்டவள்.

"நீதான்டி" என்றாள் அத்தை. "பொட்டச்சி, நீயேதான்டி!"

அம்மா திரையையே பார்த்தாள். "இன்னா வேகமா நடறேன் பாரேன். அப்பல்லாம் இடுப்பு வலியே கெடையாது எனக்கு."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "ஏய், எல்லாம் வாங்கடி! அவ நெஜமாவே சினிமாவுல கீறாடி!" என்று தெரு முழுக்கக் கத்தினாள்.

ஆட்கள் வருகிற சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து பின்பக்கம் போனாள். முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.