செவ்வகக் கூடத்தில் ஒரு வட்டம்

சதுரமும் ஒரு செவ்வகந்தான் என்று சென்ற செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சொன்னவர் சுகந்தி ரீச்சர். வேலணையிலிருந்து பஸ் ஏறி, புங்குடுதீவில் எங்கள் மடத்துவெளிப் பக்கம் படிப்பிக்க வருபவர். மூன்றாம் தரமும் நான்காம் தரமும் சேர்ந்தே ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேருக்கும் அவர் ஒருவரே ஆசிரியர். அன்றைய பாடம் தள உருவங்களை வகைப்படுத்துதல். புத்தகப் படங்கள் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டனவாம். ஒரு வீட்டுக்குள் விட்டால் கதவு, யன்னல், முகடு என்று தாமாகவே தேடிப் பிடிப்பார்கள் – திறந்துவிட முடியுமா என்று கேட்டு வந்திருந்தார்.

என்னிடம் ஏன் கேட்டார்? எதிர்வளவு வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம் இருக்கிறது. உரியவர்கள் கனடாவில். வெள்ளிக்கிழமைதோறும் நான் அதைத் திறந்து, கூட்டி, சுவாமி படத்துக்கு விளக்கேற்றி, கூடத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டு வருவேன். பதினான்கு வருடங்களாக இதுவே வழக்கம்.

அந்த வீட்டில் ஒரு சத்தம் உண்டு. எப்போதாவது, மிக மெல்லியதாய், ஒரு ‘க்ளுக்’. கூரையோரப் பீலியில் தங்கிய மழைநீர் என்று நினைத்திருந்தேன். பங்குனி வெயிலிலும் அது கேட்டது... அப்போதும் பீலி என்றே நினைத்தேன். தனியே இருப்பவன் தன் மனதுக்கு வசதியான காரணத்தையே தெரிந்தெடுக்கிறான், இல்லையா?

திறப்பைத் தேடி எடுக்கும்போதுதான் வாதம் தொடங்கியது.

“நாலு பக்கம், நாலும் செங்கோணம். அவ்வளவும் இருந்தால் செவ்வகம், ஐயா. சதுரத்துக்கும் அது இருக்குத்தானே?”

“பிள்ளை, நீர் முறையாய்ப் படிச்சனீர். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டு, பிறகு கையிலை கிடைச்சதை வாசிச்சு வந்தனான். எண்டாலும் சொல்லுறன், ஒரு சாமான் ரெண்டு பெட்டியிலை கிடக்க ஏலாது.”

“ஏன் ஏலாது? நீங்கள் ஒராளுக்கு அப்பா, இன்னொராளுக்கு மாமா. ரெண்டு பேரே?”

“அது வேறை” என்றேன். திறப்பை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தேன்.

விளக்கு வைக்கிற வீடு என்பதால் பிள்ளைகளை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னேன். என் கதிரையைச் சுவரோரம் இழுத்து வைத்தேன். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கோடு கீறி, ஒன்பது பேரும் எழுதத் தொடங்கினார்கள். கதவு, செவ்வகம். கூடம், செவ்வகம். முகட்டுச் சுவர், முக்கோணம். யன்னல் கண்ணாடி, சதுரம். “அதைச் செவ்வகத்திலையும் போடுங்கோ” என்றார் ரீச்சர், என் பக்கம் திரும்பாமலே.

வட்டம் என்ற நிரலின் கீழ் எட்டுப் பேர் ஒன்றும் எழுதவில்லை. ஆரணி என்ற சிறுமி மட்டும் ‘1’ என்று எழுதியிருந்தாள்.

“எங்கையம்மா கண்டனீங்கள்?”

“நிலத்திலை, ரீச்சர்.”

எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெறும் செஞ்சீமெந்து. வட்டமாய் ஒரு கீறல் இல்லை, வெடிப்பு இல்லை.

“பொய், ரீச்சர். இவ தோசையைக் கண்டாலும் நிலவு எண்டுவா” என்றது இன்னொரு பிள்ளை.

ஆரணி சிரிக்கவில்லை. “கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும். உள்ளுக்கை குளிருது, வெளியிலை இல்லை.”

ரீச்சர் ஒரு சோக்குக்கட்டியைக் கொடுத்தார். அவள் குதிகாலால் நிலத்தைத் தொட்டுத் தொட்டுப் பின்னோக்கி நடந்தாள். நடந்த இடத்தையெல்லாம் குந்தியிருந்து கோடாக்கினாள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முட்டியது. குறுக்கே ஆறடி இருக்கும்.

“வட்டமோ எண்டு அளந்து பாப்பம்” என்று ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, கையில் நூலைப் பிடிக்கச் சொல்லி, ரீச்சர் மறுமுனையோடு சுற்றி வந்தார். எந்தப் பக்கம் இழுத்தாலும் நூல் கோட்டிலேயே போய் முடிந்தது. “பாத்தீங்களோ? மையத்திலையிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரம்.”

நான் மையத்தைப் பார்த்தேன். நூல் பிடித்து நின்ற பிள்ளையின் பாதங்களைச் சுற்றி, சீமெந்து தேய்ந்த நான்கு தடங்கள் – என் கதிரையின் கால்கள் பதிந்தவை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். வட்டத்துக்குள் ஒன்பது பேரும் குதித்தார்கள்.

க்ளுக்.

இம்முறை எல்லோருக்கும் கேட்டது. “ரீச்சர், கீழை ஆரோ தண்ணிக்குள்ளை கல்லுப் போடீனம்” என்றது ஒரு பிள்ளை.

எங்கள் தீவில், ஆறடி அகலத்தில், நிலத்துக்குக் கீழே, வட்டமாக, தண்ணீரோடு இருப்பது வேறு என்ன?

என் குரலை நானே பிடித்துவைத்துக்கொண்டு சொன்னேன். “ரீச்சர், இப்ப ஒரு விளையாட்டு. ஓடாமல், குதிக்காமல், சுவரைத் தொட்டபடி ஒராள் ஒராளாய் வெளியிலை போகவேணும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்று எண்ணினார். ஆறு... ஏழு... எட்டு. எண்ணிக்கை அங்கே நின்றது.

ஆரணி வட்டத்தின் நடுவிலேயே நின்றாள், தலையைச் சரித்து, எதையோ கேட்பவள் போல.

“ஆரணி, வாங்கோ.”

“வாறன், ரீச்சர். இப்ப குளிர் காத்தாய் வருது.”

ஒவ்வோர் அடியாக வந்தாள். அவள் நின்ற இடத்தில், சற்று முன்பு இல்லாத ஒரு மயிரிழை வெடிப்பு. வாசலைத் தாண்டியதும் ரீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஒன்பது’ என்றார்.

மத்தியானம் ஒரு மேசனை அழைத்துவந்தேன். சோக்குக்கோட்டுக்கு வெளியே நின்று அலவாங்கால் ஒரு குத்துத்தான் விட்டார். இரண்டு அங்குலச் சீமெந்து. அதன் கீழ் வரிசையாகப் பனங்குற்றிகள். தொட்டால் மாவாக உதிர்ந்தன. பாரம் தாங்கி நின்றவை இரண்டே இரண்டு. கீழே கட்டுக்கிணறு, அசையாத கறுப்புத் தண்ணீர். கோடும் கிணற்றின் விளிம்பும் ஒன்றின் மேல் ஒன்றாகவே இருந்தன.

கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டுக்காரரின் மகன் பேசினார்.

“ஓம் அண்ணை, கூடத்தைப் பெருப்பிக்கேக்கை கிணறு உள்ளுக்கை வந்திட்டுது. ஊத்துக்கண்ணை அடைச்சால் குடும்பத்துக்கு ஆகாதெண்டு எங்கடை அப்பு மண் போட விடேல்லை. குற்றி அடுக்கி மேலாலை பூசினவை. உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்?”

அந்த அப்புவை எப்படிக் கடிந்துகொள்வது? நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிதான இந்தத் தீவில், ஊறுகிற கிணற்றுக்குள் மண்ணைக் கொட்ட யாருக்குக் கை வரும்? எனக்கும் வந்திராது. நானும் குற்றிதான் அடுக்கியிருப்பேன். மரியாதைக்காகச் செய்த காரியம் ஒன்பது பிள்ளைகளின் பாதங்களுக்குக் கீழே உளுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கூடம் என்ற ஒரே பெட்டியில் அதைப் போட்டு மூடிவைத்திருந்தவன் நான். அது கூடமும்தான், கிணறும்தான். சதுரமும் செவ்வகந்தான், ரீச்சர் – இப்போது எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை விளக்கை வாசற்படியில் வைத்துவிட்டு வெளியே நின்றேன். உள்ளே ஒருமுறை ‘க்ளுக்’ என்றது... பீலியை நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.