எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான்?

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அது போக இன்னொரு வேலையும் வைத்திருந்தேன். சம்பளம் கிடையாது, பெருமை மட்டும் நிறைய. முப்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் பெட்டிகள் இப்போது கடையில் கிடைக்காது. அந்தப் பெட்டி செய்வதையெல்லாம் கம்ப்யூட்டரையே செய்யவைத்து, பழைய விளையாட்டுகளை ஓட்டிக் காட்டுகிற மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். நான் சேர்ந்திருந்தது ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர். அதாவது, நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கும், யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். பல நாடுகளில் இருந்து ஒரு பத்துப் பதினைந்து பேர் எழுதிக்கொண்டிருந்தோம். அதில் சத்தம் சம்பந்தப்பட்ட பகுதி என் பொறுப்பு.

சில கம்ப்யூட்டர்களில் சத்தம் கரகரவென்று வருவதாகப் புகார் இருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன். கரகரப்பு போனது. புதுப் பதிப்பு வெளியானது. ஆளாளுக்குப் பாராட்டினார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

நான்காவது நாள், குறைகளைப் பதிவு செய்கிற பக்கத்தில் ஒரு பெண் எழுதியிருந்தார். ஒரு பழைய குத்துச்சண்டை விளையாட்டில், புதுப் பதிப்பு வந்ததிலிருந்து எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்றே தெரியவில்லை என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. திரையில் தெரிகிறவன் எப்படித் தெரியாமல் போவான்? “உங்கள் திரையில் கோளாறு இருக்கலாம், ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள்” என்று பதில் போட்டேன்.

அனுப்பினார். படம் பளிச்சென்று இருந்தது. “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று எழுதிப் புகாரை மூடினேன். அவர் மறுபடி திறந்தார். “படத்தைச் சொல்லவில்லை, சத்தத்தைச் சொல்கிறேன்.” லேப்டாப்பில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். குத்து விழுகிற சத்தம், மணிச் சத்தம், கூட்டத்தின் ஆரவாரம், ஒன்றும் குறையவில்லை. “எனக்குச் சரியாகவே கேட்கிறது” என்று எழுதி மறுபடியும் மூடினேன். கொஞ்சம் எரிச்சலோடுதான்.

அடுத்த நாள் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. “நீங்களும் திருவனந்தபுரம்தான் என்று உங்கள் அறிமுகப் பக்கத்தில் பார்த்தேன். சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வர முடியுமா? ஹெட்போன் கொண்டுவரவும்.” கூடவே கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத் தெருவின் விலாசம். நேரிலேயே போய்ப் புரியவைத்துவிட்டு வரலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுகூட, அவருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பாடம் நடத்திக்கொண்டேதான் நடந்தேன்.

கதவைத் திறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். “வாங்கோ. செருப்பை இடது பக்கமா கழட்டிப் போடுங்கோ, வலது பக்கம் என் கம்பு இருக்கும்” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். சுவரோரம் வெள்ளைக் கம்பு. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, பார்வை என் மேல் இல்லை. ஸ்க்ரீன்ஷாட் கேட்டது நினைவுக்கு வந்து காது சூடாகிவிட்டது.

அவர் சாதாரணமாக இருந்தார். வங்கியில் வேலை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்து எல்லாம் செய்கிறார். “முதல்ல ஒரு ஆட்டம் ஆடலாம், பழைய பதிப்புல” என்று கையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்தார். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் என்னை அடித்துக் கீழே தள்ளினார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

“இனி ஹெட்போன் போட்டுண்டு கண்ணை மூடிக்கோங்கோ” என்றார். மூடினேன். இடது காதில் காலடிச் சத்தம். அது மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது. சட்டென்று வலது காதில் ஒரு குத்து. ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் தாவுகிறான் என்று எனக்கே தெரிந்தது. “இது பழசு. இப்போ உங்களோடது” என்று புதுப் பதிப்பைப் போட்டார். அதே காலடி, அதே குத்து. எல்லாம் மண்டையின் நடுவிலேயே கேட்டது. இடமும் இல்லை, வலமும் இல்லை.

“தெரியறது, அல்லே?” என்றார்.

தெரிந்தது. சோதனைக்காக இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வரி எழுதியிருந்தேன். அதை எடுக்க மறந்துவிட்டேன். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, கண்ணால் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டேன்.

“முதல்லயே உங்களுக்குப் பார்வை இல்லைன்னு எழுதியிருக்கலாமேங்க” என்று கேட்டேன். எதையாவது சொல்லித் தப்பிக்கத்தான்.

“எழுதியிருந்தா, பாவம்னு உடனே சரி பண்ணியிருப்பேள். எனக்கு அது வேண்டாம். தப்பு நிரல்லயாக்கும். அதை நீங்க ஒத்துக்கணும், அவ்வளவுதான்.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். அவருக்கு வேண்டுமானால் பழைய பதிப்பே போதும். ஆனால் அவரைப் போல காதால் விளையாடுகிறவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறது. கொல்லத்தில் இருக்கும் அவருடைய தோழிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே புதுப் பதிப்பைப் போட்டுவிட்டிருக்கிறது. அது தெரியாமல் அந்தப் பெண் ஒரு வாரமாக எல்லாரிடமும் தோற்று, தன் காதுதான் மந்தமாகிவிட்டது என்று பயந்து போயிருந்தார். “நான் சொன்னா நம்பலே. நீ சமாதானம் சொல்றேங்கறா. திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறா. இருக்கறது அது ஒண்ணுதானே எங்களுக்கு.”

அங்கேயே அவர் மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஒரு வரியை எடுத்து, திருத்திய பதிப்பைத் தயார் செய்ய அரை மணி நேரம். அவர் ஹெட்போனைப் போட்டு இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துத் தலையசைத்தார். தோழிக்கு அனுப்பிவிட்டு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

“எடத்தும் கேள்க்காம்... வலத்தும் கேள்க்காம்!” என்று ஒரு கத்தல். இரண்டு பக்கமும் கேட்கிறதாம். கத்தல் அழுகையாகி, அழுகை சிரிப்பானது. நான் ஃபோன் பக்கம் குனிந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், தப்பு என்னுடையது, உங்கள் காதில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

அன்றைக்கே அந்தப் புகாரைத் திறந்து, தவறு என்னுடையது, இரண்டு முறை மூடியதும் என் தவறு என்று எல்லாரும் பார்க்க எழுதினேன். கீழே அவர் ஒரே வரி போட்டார்: “இப்போது மூடலாம்.”

இன்றைக்கு எங்கள் மென்பொருளின் சத்தப் பகுதி அவர் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே வெளியே போகிறது. பங்களித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் என் பெயருக்கு மேலே இருக்கிறது. நான்தான் போட்டேன். இந்த இடைப்பட்ட காலத்தில் அவரிடம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருக்கிறேன். அன்று அவருக்கு ஜலதோஷம்.

அவர் கோபித்துக்கொண்டு பழைய பதிப்போடு ஒதுங்கிப் போயிருந்தால், ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு நான் இன்றும் நிம்மதியாக இருந்திருப்பேன் என்பதை நினைத்தால் மட்டும் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது.