மருந்துக்கு முன்னால் காத்திருந்த ஒரு மாதம்

அரிமளம் பக்கத்தில் ஒரு புன்செய் நிலத்தை அளந்துகொண்டிருந்தேன். நான் தாலுகா ஆபீஸ் சர்வேயர். அண்ணன் தம்பி இருவருக்குள் எல்லைத் தகராறு. வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், ஒரு எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கற்கள் ஒட்டினாற்போல் நின்றன.

“இந்த ரெண்டாவது கல்லை நட்டது யாரு?” என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஒரு கல்லுதானங்க மேடம் இருக்கு” என்றார் அண்ணன். தம்பியும் தலையாட்டினார்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு கல். திறந்தேன். இரண்டு.

“வெயிலு ஒத்துக்கலைபோல. இங்கிட்டு நெழலுக்கு வாங்க மேடம்” என்றார் தம்பி. அன்று அளவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்று திருச்சிக்கு அனுப்பினார். அங்கே மூளையை ஸ்கேன் எடுத்து, அதிலிருந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்த நரம்பியல் டாக்டர், என்னைவிட நான்கைந்து வயது மூத்த பெண்மணி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். பெயரை வாயில் வரவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், நரம்புகளின் மேலிருக்கும் உறையையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்று வாரத்தில் பார்வை நேரானது. அதோடு போயிற்று என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மேற்கொண்டு சிகிச்சை பற்றிப் பேச வரச் சொன்ன தேதியில் போகவும் இல்லை.

அடுத்த சில மாதங்களில் இடது கால் மரத்துப்போனது. திருமயத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, யாரோ ஒரு அம்மா என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, “ஒங்களதா பாருங்க, கீழ கெடந்துச்சு” என்றார். செருப்பு கழன்றதே எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லக்கூட முடியாமல் அழுதுவிட்டேன்.

இந்தத் தடவை டாக்டரிடம் கணவரும் வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். மறுபடி ஸ்டீராய்டு ஏற்றியதில் காலில் உணர்ச்சி திரும்பியது. இனித் தாக்குதல் வராமலிருக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொட்டு சொட்டாக ஏற்றும் மருந்து ஒன்று இருக்கிறது, தாக்குதலுக்குக் காரணமான ஒரு வகை வெள்ளணுக்களைக் குறைக்கும் என்றார் டாக்டர்.

“எதிர்ப்புச் சக்தியில கை வச்சா, மத்த நோயெல்லாம் உள்ள வந்துராதா டாக்டர்?”

“வரலாம் சார். எல்லாத்தையும் கொறைக்கிற மருந்து இல்ல, ஆனாலும் தொற்று வர்ற வாய்ப்பு கூடும். அதுனாலதான் மொதல்ல டெஸ்ட், அப்புறம்தான் மருந்து” என்றவர் என் பக்கம் திரும்பினார். “டிபி இருந்துச்சா? மஞ்சள் காமாலை வந்திருக்கா? இப்போதைக்குக் குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கா?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த திங்கட்கிழமை மருந்து ஏற்றிவிடுவார்கள் என்று லீவு கூட எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரே போன் செய்தார். எப்போதோ ஒருகாலத்தில் என் உடம்புக்குள் ஹெபடைடிஸ் பி கிருமி வந்துபோன அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது. அது ஈரலில் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கலாம். இந்த மருந்தை ஏற்றினால் மறுபடி கிளம்பி ஈரலையே கெடுத்துவிடக்கூடும். ஈரல் டாக்டரைப் பார்த்து, தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. “அந்த ஒரு மாசத்துல இன்னொரு அட்டாக் வந்தா யாரு டாக்டர் பொறுப்பு?”

“நான்தாம்மா பொறுப்பு. வந்தா அதுக்கு வைத்தியம் இருக்கு. ஈரல் போச்சுன்னா என்னால எதுவும் செய்ய முடியாது.”

விஷயத்தைக் கேட்டதும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ரெண்டாப்புப் படிக்கறப்ப ஒனக்குக் காமாலை வந்துச்சேடி! கீழாநெல்லிய அரைச்சு மோருல கலக்கிக் குடுத்தேனே, துப்பித் துப்பி வச்சியே!” எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அது இந்தக் கிருமிதானா என்று இப்போது சொல்ல முடியாது, பலருக்கு வந்து போனதே தெரியாது என்றார் ஈரல் டாக்டர். நான் இல்லை என்று சொன்னதை அப்படியே நம்பி மருந்தை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று நினைத்துப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த மாதம் முழுக்க, காலையில் எழுந்ததும் காலைக் கிள்ளிப் பார்ப்பேன். கணவர் ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பார். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை.

மருந்து ஏற்றிய அன்று முதலில் காய்ச்சல் மாத்திரை, அலர்ஜிக்கு ஊசி, கொஞ்சம் ஸ்டீராய்டு. பிறகு சொட்டு இறங்க ஆரம்பித்தது. அரைமணி நேரத்தில் தொண்டைக்குள் ஏதோ ஊர்வதுபோல் அரித்தது. சொன்னால் நிறுத்திவிடுவார்களே, இத்தனை நாள் காத்திருந்தது வீணாகிவிடுமே என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு கிடந்தேன். காதுமடலும் அரிக்கத் தொடங்கியபோது பயம் வந்து நர்ஸைக் கூப்பிட்டேன். சின்னப் பெண். உடனே சொட்டை நிறுத்தி, ரத்த அழுத்தம் பார்த்து, டாக்டரை வரவழைத்தாள்.

“எப்ப ஆரம்பிச்சுச்சுக்கா?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

“பத்து நிமிஷமாவா வாயத் தொறக்காம இருந்தீங்க? மொத தடவ நெறையப் பேருக்கு இப்படி வரும்க்கா. நிறுத்திட்டு மெதுவா ஏத்தலாம். சொல்லாம இருந்தாத்தான் ஆபத்து.”

அரிப்பு அடங்கியதும் மெதுவாகத் திரும்ப ஏற்றினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பை காலியானது. நானே நடந்து வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் சில சட்டங்கள் வந்தன. தினமும் ஈரல் மாத்திரை. குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. டாக்டரைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் கிடையாது. காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று உட்காராமல் உடனே போன். ஒருமுறை சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் வந்தது. அன்றே போன் செய்ததால் ஐந்து நாள் மாத்திரையோடு போய்விட்டது.

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கணவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“புதுசா ஒரு புள்ளிகூட இல்ல” என்றார் டாக்டர். “ஈரலும் நல்லா இருக்கு. இதே மாதிரி தொடருவோம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் கணவர் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. கண்டக்டர் “திருமயம், திருமயம்” என்று கத்தியதும் துள்ளி எழுந்து, பையை மறந்துவிட்டு அவர் முதலில் இறங்கிப் போய்விட்டார். இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நான் இறங்கினேன்.