மாமாவின் வியாழக்கிழமைகள்

காலை பத்து மணிக்கு மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் அம்மாவின் தம்பி அவர். அதுவரை பகல் வெளிச்சத்தில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு எங்கள் பகுதியில் அவர்தான் செயலாளர். அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்ற நாட்களில், பண்ணையின் ஆட்கள் கம்போடு வந்தபோதும் வரப்பை விட்டு நகராதவர் என்று ஊரில் அவருக்குப் பேர். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் வாய்க்காலின் அக்கரைக்குக் கேட்கும். அன்று நான் கூப்பிட்டதற்கு "ம்" என்றார், திரும்பவில்லை. "மூணு மாசமா இப்படித்தான் கெடக்குறாரு. குளிக்கச் சொன்னா அழுவுறாரும்மா" என்று அத்தை அடுப்படியில் வைத்து மெல்லச் சொன்னார்.

நாங்கள் எல்லோரும் காரணம் தேடினோம். இரண்டு வருடமாக ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. அறுப்பு மெஷின் வந்த பிறகு சங்கத்தில் ஆளே இல்லை. மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். எங்கள் தெருக் குடும்பங்கள் தலைமுறையாக உழுத ஒரு வேலி (ஆறரை ஏக்கருக்கும் மேல்) நிலத்தின் குத்தகை உரிமைக்காக மாமா போட்ட வழக்கு முடிகிற பாடில்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும் உழுபவருக்கு நிலம் என்று மேடையில் பேசினார்கள். பட்டா மட்டும் பண்ணை வீட்டுப் பேரிலேயே இருந்தது. இவற்றில் எது காரணம் என்று நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து வேப்பிலை அடித்துவிட்டுப் போனார். பழைய சங்கத் தோழர் ஒருவர் பார்க்க வந்து, "எவ்வளவு போராட்டம் பாத்த ஆளு நீங்க, நீங்களே மனசு விடலாமா தோழர்?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு மாமா யார் முகத்திலும் விழிக்க மறுத்துவிட்டார்.

நான் திருவாரூரில் பள்ளி ஆசிரியை. ஒருநாள் விடுப்பு எடுத்து, அவரைக் கட்டாயப்படுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது மனச்சோர்வு என்னும் நோய், சோம்பலோ கோழைத்தனமோ இல்லை, ஒரே ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு, "வியாழக்கிழமை சாயங்காலம் இங்க ஒரு கூட்டம் நடக்குது, கவுன்சிலர் அம்மா நடத்துறாங்க, வந்து சும்மா உக்காருங்க" என்றார். மாமா அன்று பேசிய ஒரே வாக்கியம் வெளியே வந்த பிறகுதான்: "கவுன்சிலர்னா எந்தக் கட்சி?" மனநல ஆலோசகரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். பல மாதங்களில் முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் வாரம் மட்டும் உறவினர் உடன் இருக்கலாம் என்பதால் நானும் உட்கார்ந்தேன். ஓர் அறையில் எட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. இங்கே பேசுவது இங்கேயே இருக்க வேண்டும், யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். அவ்வளவுதான் விதி. கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா பேசினார். கணவர் வளைகுடாவில், வீட்டில் ஒரு குறையும் இல்லை என்றார். "காலைல எந்திரிச்சுப் பல்லு வெளக்கணும்ல, அதுவே மலையேறுற மாதிரி இருக்குங்க. யார்ட்டயாவது சொன்னா சிரிப்பாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். மூன்று மாதத்தில் வீட்டாரைத் தவிர வேறொருவரிடம் அவர் தானாகச் சொன்ன முதல் சொல் அது. (வட்டத்தில் பேசியதாக இங்கு எழுதியிருப்பது பேசியவர்கள் எழுதலாம் என்று அனுமதித்த அளவுக்கு மட்டுமே.)

ஐந்தாவது வாரம் அந்த அறைக்குள் சின்னப்பண்ணை வந்தார். பண்ணை வீட்டின் இளைய மகன். அவருக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். மாமா போட்ட வழக்கில் எதிர்த்தரப்பு அவர்தான். அந்த வீட்டார் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் கைகட்டி நின்று "ஆண்டே" என்று சொல்வதை நிறுத்தவே மாமா தன் இளமையைச் செலவழித்திருந்தார். அவரைக் கண்டதும் மாமா எழுந்துவிட்டார். பிறகு ஏன் உட்கார்ந்தார் என்பதை என்னிடம் சொன்னார்: "அந்த ஆளு கை நடுங்குச்சு. மருந்து ஆரம்பிச்ச புதுசுல எனக்கும் அப்படித்தான் நடுங்குச்சு. அத பாத்துட்டு எப்படிப் போறது?" அன்று சின்னப்பண்ணை சொன்னது இரண்டே வாக்கியம். பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். வெளியே தெரிந்தால் பண்ணை வீட்டில் பைத்தியம் என்பார்கள் என்று பயம். தனக்கு இருந்த அதே வெட்கம் அவருக்கும் இருக்கும் என்று மாமா நினைத்ததே இல்லையாம்.

அவர்கள் நண்பர்களாகிவிடவில்லை. வட்டத்துக்குள் பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். மாமா மெல்லத் தேறினார். இந்த வாரம் குளித்தீர்களா, வாய்க்கால் வரை நடந்தீர்களா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, கேட்கப் போகிறார்களே என்பதற்காகவாவது நடப்பது என்று போயிற்று. அந்தச் சின்ன விசாரிப்புகளில் இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மாமா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வியாழக்கிழமை போகவில்லை. எனக்குப் பரீட்சை வேலை, நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை காலையில் தெருவுக்குள் ஒரு மொபெட் வந்து மாமா வீட்டு வாசலில் நின்றது. சின்னப்பண்ணை இறங்கி, "தோழர் இருக்காரா?" என்று கேட்டார். தெருவே வெளியே வந்து நின்றது.

மாமா கதவு வரை வந்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு வாரமா வரல நீங்க."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் வந்தேன். மூஞ்சி கழுவிட்டு வாங்க. நேரமானாலும் பரவால்ல, நிக்கிறேன்."

அத்தை நாற்காலி போட்டார். அவர் மழைத் தூறலில் நின்றுகொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்து மாமா சட்டை மாட்டிக்கொண்டு வந்து மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று சாயங்காலம்தான் மாமா அதை வட்டத்தில் சொன்னார்: இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்று அன்று காலை முடிவு செய்திருந்தாராம். கவுன்சிலர் அம்மா உடனே டாக்டரை வரவழைத்தார், மருந்து மாறியது. அத்தையும் நானும் சில வாரங்கள் முறைவைத்து அவர் கூடவே இருந்தோம். எனக்குத் தெரியாமல் போனது அந்த மனிதருக்குத் தெரிந்ததற்குக் காரணம் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது என்பதுதான்.

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நோய் முழுதாகப் போகவில்லை. அவ்வப்போது திரும்ப வரும், வந்தால் அடையாளம் தெரிகிறது. கூத்தாநல்லூர் அக்கா இப்போதும் வருகிறார். வேறு சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். கவுன்சிலர் அம்மா மாற்றலாகிப் போனபோது கூட்டம் நின்றுபோனது. இவர்களே மனு எழுதிக் கொடுத்து அறையைத் திரும்ப வாங்கினார்கள். மனு எழுதியது மாமா. முதல் கையெழுத்து சின்னப்பண்ணையுடையது.

"அவர மன்னிச்சிட்டீங்களா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். கோபித்துக்கொண்டார். "மன்னிக்கிறதா? அந்த நெலம் எங்க ஆளுங்களோடது. வழக்க நான் விடுவனா?" விடவில்லை. சின்னப்பண்ணையும் விடவில்லை. கோர்ட்டில் இருவரும் எதிரெதிர் பெஞ்சில் உட்காருகிறார்கள். வாய்தா வியாழக்கிழமையில் விழுந்தால் மட்டும் இரண்டு பேருமே தங்கள் வக்கீலிடம் போய் வேறு தேதி கேட்கச் சொல்கிறார்கள்.